ஏர்கோன் சந்திரிகா

சந்திரிகாவுக்கு நாற்பத்தாறு வயது நடந்த வருஷத்தில் வேலையும் வீடும் மூன்றே மாத இடைவெளியில் கைநழுவிப் போயின.

முதலில் போனது வேலை. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தொரு வருஷம் இருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த உற்பத்தி வரிசையையே வேறு நாட்டுக்கு மாற்றப்போவதாக ஒரு வெள்ளிக்கிழமை காலை கேண்டீனில் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்கள். சொன்ன மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஆளுக்கொரு கடித உறையும் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் கொடுத்தார்கள். ஃபேக்டரி பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்து இருக்கைப் பெண் குலுங்கிக் குலுங்கி அழுதாள். சந்திரிகாவுக்கு அழுகை வரவில்லை, பசிதான் வந்தது. பொட்டலத்தைப் பிரித்து, பஸ் பாலத்தடியைத் தாண்டுவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டாள். அப்படிச் சாப்பிட்டதை நினைத்து ரொம்ப நாள் கூச்சப்பட்டாள்.

அடுத்தது வீடு. ஜெலுத்தோங் பக்கம் அவள் கணவனின் அப்பா காலத்துப் பலகை வீடு. வீடு இவர்களுடையது, நிலம் வேறொருவருடையது. நிலத்துக்காரர் இறந்ததும் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். நோட்டீஸ் வந்தது, பிறகு இன்னொரு நோட்டீஸ், பிறகு மண்வாரி இயந்திரம். அந்த நிலத்திலிருந்த ஐந்து குடும்பங்கள் ஐந்து திசைக்குப் போயின. இவர்களுக்கு சுங்கை பினாங்கில் ஒரு வாடகை ஃபிளாட் கிடைத்தது. பதினோராவது மாடி.

கணவன் லோகேஸ்வரன் முன்பு மாக் மண்டினிலிருந்து இரும்பு ஏற்றிப்போகும் லோரி ஓட்டியவன். சர்க்கரை நோயில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஈப்போ, ஜொகூர் என்று நாடு முழுக்கச் சுற்றிய மனுஷன் இப்போது சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் மட்டும் ஓயவில்லை. "மேலேருந்து பாத்தா எல்லா லோரியும் தப்பாத்தான் ஓட்டுறானுங்க" என்பான்.

சந்திரிகா சும்மா இருக்கவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் நான்கு மாதம் தட்டுக் கழுவினாள். பிறகு கடைக்காரர் தட்டுக் கழுவும் இயந்திரம் வாங்கிவிட்டார். ஃபிளாட்டுக்குக் கீழே மேசை போட்டுக் கறிபஃப் விற்றுப் பார்த்தாள். அங்கே ஏற்கெனவே மூன்று மேசைகள் இருந்தன. நாலாவது மேசைக்கு மிஞ்சிய வாடிக்கையாளர் சந்திரிகாவிடமே கடன் சொல்லுகிறவர்கள்தான். ஆறாவது வாரம் மேசையை மடித்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கீழ்த்தளத்து மண்டபத்தில் ஒரு பேனர் தொங்கியது. வேலையோ வீடோ இழந்தவர்களுக்குத் தொழிற்பயிற்சி, வேலைக்கு வேண்டிய கருவிகள், பிறகு ஒரு வருஷம் கூடவே இருந்து வழிகாட்டல் என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. ஏதோ ஓர் அறநிறுவனத்தின் திட்டம். சந்திரிகா போனாள். சுஹானா என்ற மலாய்ப் பெண், முப்பது வயதிருக்கும், கையில் டேப்லெட்டோடு உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்செல்லாம் மலாயில் நடந்தது; அக்கா என்பதற்கு 'காக்' என்றாள்.

"காக், உங்களுக்கு என்ன படிக்க இஷ்டம்? கேக், தையல், முக அலங்காரம், சமையல்... எல்லாம் மூணு மாசம்தான்."

சந்திரிகா எட்டிப் பார்த்தாள். பட்டியல் அதோடு முடியவில்லை. "அதுக்குக் கீழ இருக்கிறது என்ன?"

"அது ஏர்கோன் சர்விஸ், மோட்டார்சைக்கிள் ரிப்பேர். ஆம்பளைங்களுக்கு."

"ஆம்பளைங்களுக்குன்னு போட்டிருக்கா?"

சுஹானா விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "போடலை" என்றாள்.

"அப்ப ஏர்கோன் எழுதிக்கோங்க."

சுஹானா எழுதவில்லை. பேனாவை உதட்டில் வைத்துக்கொண்டு யோசித்தாள். யாரோ விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைக்கிற முகமில்லை அது. எப்படி மறுப்பது என்று தேடுகிற முகம். சந்திரிகாவுக்குப் புரிந்தது.

"எனக்குத் தெரிஞ்சே இந்த ஃபிளாட்ல கேக் செய்றவங்க ஒன்பது பேரு. அவ்வளவு பேருக்குப் பொறந்த நாள் வராது, தங்கச்சி. ஆனா வெளியில போய் ஒரு தடவை அண்ணாந்து பாருங்க."

சுஹானா நிஜமாகவே எழுந்து வெளியே போய் அண்ணாந்து பார்த்தாள். பதினேழு மாடியிலும் வரிசை வரிசையாக ஏர்கோன் பெட்டிகள். துருப்பிடித்தவை, புறா கூடு கட்டியவை, சொட்டு சொட்டாகத் தண்ணீர் ஒழுகுபவை. ஏழைகள் இருக்கிற கட்டடம்தான். ஆனால் இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் ஏர்கோன் இல்லாமல் எப்படித் தூங்குவது? ஒரு சொட்டு சுஹானாவின் தோளில் விழுந்தது. சிரித்துக்கொண்டே உள்ளே வந்து எழுதிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து ஃபோன் வந்தது. பயிற்சி கொடுப்பவர் சம்மதித்துவிட்டார், ஒரு நிபந்தனை. இது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. ஆண்களோடு ஜோடி சேர்த்தால் பிறகு வீடு வீடாக ஒன்றாகப் போக முடியாது. எனவே இன்னொரு பெண்ணைக் கூட்டி வரவேண்டும்.

ஏழாவது மாடியில் சித்தி ஆயிஷா என்றொருத்தி இருந்தாள். 'சித்தி' பெயரின் பகுதிதான், உறவுமுறை இல்லை. முப்பத்தெட்டு வயது. விவாகரத்தோடு வீடும் கணவன் பக்கம் போய்விட, இரண்டு பெண் பிள்ளைகளோடு ஒன்றுவிட்ட அக்காவின் ஃபிளாட்டில் ஓர் அறையில் ஒண்டிக்கொண்டிருந்தாள். உறவினரின் உணவுக் கடையில் வெங்காயம் உரிப்பதுதான் வேலை. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது பழக்கமானவள். சந்திரிகா விஷயத்தைச் சொன்னதும் ஆயிஷா கண்ணை அகலத் திறந்தாள்.

"அலாமாக்! அக்கா, எனக்கு ஏணியில ரெண்டாவது படி ஏறுனாலே தலை சுத்தும். இந்த வராந்தாவுலகூட நான் சுவத்தை ஒட்டித்தான் நடக்கிறேன்."

"நீ ஏன் ஏறுறே? மேல நான் ஏறிக்கிறேன். பம்பு, ஒயரு, தண்ணி எல்லாம் கீழதானே இருக்கு."

"கரண்டு அடிச்சிட்டா?"

"ஆஃப் பண்ணிட்டுத்தான் தொடுவோம். அப்படியே அடிச்சாலும் ரெண்டு பேரையும் சேத்துத்தான் அடிக்கும்லா. உன்னைத் தனியா விட மாட்டேன்."

ஆயிஷா கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்தாள். வெங்காயச் சாற்றில் நகக்கண் எல்லாம் வெந்துபோயிருந்தது. "எப்ப போகணும்?" என்று கேட்டாள்.

பயிற்சிப் பட்டறை மாக் மண்டினில். காலையில் பஸ் பிடித்து ஜெட்டி என்கிற படகுத்துறைக்குப் போய், ஃபெர்ரியில் அக்கரை சேர்ந்து, அங்கிருந்து இன்னொரு பஸ். போக்குவரத்துக்குத் திட்டத்திலிருந்தே கொடுத்தார்கள். அது இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே நின்றிருப்பார்கள். வகுப்பில் பதினான்கு பேர், அதில் பன்னிரண்டு ஆண்கள். ஆசிரியர் ஸுல்கிஃப்லி கப்பல்களில் குளிர்பதன வேலை பார்த்துவிட்டு வந்தவர். எல்லோரும் அவரை சிகு என்றார்கள், மலாயில் வாத்தியார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் இந்த இரண்டு பெண்களிடமும் மட்டும் குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக, இரண்டிரண்டு தடவை சொன்னார். அது சந்திரிகாவுக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது வாரம் செப்புக் குழாயைச் சூடாக்கிப் பற்றவைக்கிற பாடம் வந்தது. எல்லோரும் ஒரு துண்டு பற்றவைத்துக் கொடுக்க, சிகு ஒவ்வொன்றிலும் காற்றை அடைத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். அதுவரை அமிழ்த்திய எல்லாத் துண்டிலிருந்தும் குமிழ் வந்தது. ஒன்றில் குபுகுபுவென்று வந்தது. அதற்குரியவன் தானே சிரித்துவிட்டான். சந்திரிகாவின் துண்டை அமிழ்த்தினார். தண்ணீர் அசையவில்லை. காற்று சரியாக அடைக்கவில்லை என்று நினைத்து எடுத்து மறுபடி அடைத்து அமிழ்த்தினார். அப்போதும் ஒன்றும் வரவில்லை.

"இதை எங்கே கத்துக்கிட்டீங்க?"

"இருபத்தொரு வருஷம் பூதக்கண்ணாடி வச்சு மயிரைவிட மெல்லிசா ஈயம் வச்சவ நான், சிகு. இந்தக் குழாய் என் கண்ணுக்கு வாழைத்தண்டு மாதிரி."

அன்றிலிருந்து அவர் அவளிடம் ஒரு தடவைதான் சொன்னார்.

கை இப்படி வந்தது, படிப்பு வரவில்லை. ஏர்கோன் கேஸைக் கையாளச் சான்றிதழ் வேண்டும். அதற்கு எழுத்துத் தேர்வு உண்டு. மலாயில் பேசத் தெரிந்த சந்திரிகாவுக்கு அழுத்தம், ஆவியாதல், சுருள் என்று புத்தக மலாய் வந்ததும் தலை கிறுகிறுத்தது. லோகேஸ்வரன்தான் ஜன்னலோரத்திலிருந்து நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, நோட்ஸை மடியில் வைத்துக் கேள்வி கேட்டான். "இது லோரி ரேடியேட்டர் மாதிரிதான் சந்திரா. சூட்டை இங்கேருந்து தூக்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டுது. அவ்வளவுதான்." அவன் சொன்னால் புரிந்தது. தேர்வு அறையில் அவன் இல்லையே.

முடிவு வந்தபோது ஆயிஷா தேறியிருந்தாள். சந்திரிகா தேறவில்லை.

இழுத்துக்கொண்டு வந்தவள் தோற்று, இழுக்கப்பட்டவள் ஜெயித்திருக்கிறாள். ஃபெர்ரியில் ஆயிஷா தன் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் கடலைப் பார்த்தபடி நின்றாள். சந்திரிகா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "சிரிச்சுத் தொலை. உனக்கு வந்தது எனக்கு வந்த மாதிரிதான்." வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதாள். மூன்று வாரம் கழித்து மறுபடி எழுதினாள். இந்த முறை தேறினாள், மயிரிழையில்.

கருவிகள் கிடைத்தன. தண்ணீர்ப் பம்பு, அளவுமானிகள், மடக்கு ஏணி, பற்றவைக்கும் கருவி. லோகேஸ்வரனின் பழைய கஞ்சில் என்கிற சின்னக் காரின் கூரையில் ஏணியைக் கட்டிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். ஆனால் கூப்பிட ஆள் வேண்டுமே! முதல் மாதம் ஐந்தே வீடுகள். கதவைத் திறக்கிறவர்கள் இவர்களைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். "டெக்னீஷியன் எங்கே?" என்று கேட்டார்கள். ஒருவர் வேலை முடியும்வரை ஏணிக்குக் கீழே கைகட்டி நின்றுகொண்டே இருந்தார்.

ஆறாவது வீட்டில்தான் அந்த விபத்து நடந்தது. ஏர்கோனைக் கழுவும்போது அழுக்குத் தண்ணீர் கீழே சிந்தாமலிருக்கச் சுற்றிலும் ஒரு கான்வாஸ் பையைக் கட்டுவார்கள். சந்திரிகா கட்டிய முடிச்சு வேலை பாதியில் நழுவியது. இரண்டு வருஷத்து அழுக்கு, கறுப்பாக, வெள்ளைச் சுவரில் வழிந்து புது மெத்தையில் கொட்டியது. வீட்டுக்காரர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. சுவரைத் துடைத்துக் கொடுத்தார்கள். மெத்தைக்குப் பதில் மெத்தை வாங்கிக் கொடுப்பதாகச் சொன்னார்கள், கொடுக்கவும் செய்தார்கள். அதுவரை சம்பாதித்தது அதோடு சரி.

காரில் ஏறிச் சாவியைப் போட்டுவிட்டு சந்திரிகா முடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் உன்னைக் கெடுத்திட்டேன் ஆயிஷா. வெங்காயமாவது உரிச்சிக்கிட்டிருந்தே."

"அக்கா, வெங்காயம் உரிச்சப்ப தினமும் அழுதேன். இன்னிக்கு ஒரு நாள்தான் அழுதிருக்கேன். வண்டியை எடுங்க, பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்திடும்."

மறுநாள் சந்திரிகாவின் வீட்டுக்கு சுஹானா வந்தாள்; ஆயிஷாவும் இருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பது திட்டத்தில் உண்டு. நடந்ததைச் சொல்லி, கருவிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னாள் சந்திரிகா. சுஹானா, "நேத்து எப்படிக் கட்டினீங்க, காட்டுங்களேன்" என்றாள். ஜன்னல் கம்பியில் கான்வாஸைக் கட்டிக் காட்டினாள் சந்திரிகா. லோகேஸ்வரன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

"இந்த முடிச்சு தண்ணி கனம் ஏற ஏற நழுவும். தள்ளு."

லோரியில் இரும்புக் கம்பிகளுக்கு மேல் தார்ப்பாய் கட்டுகிற முடிச்சைப் போட்டான். கனம் ஏற ஏற இறுகுகிற முடிச்சு அது. "ஊத்து" என்றான். ஆயிஷா ஒரு வாளி ஊற்றினாள். இரண்டு, மூன்று. சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. பிறகு சந்திரிகா கட்டினாள், அவன் அவிழ்த்தான், திரும்பக் கட்டினாள். பத்து தடவைக்கு மேல் ஆனது. அவள் அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் போனதிலிருந்து அந்தக் கைகள் இத்தனை வேகமாக அசைந்து அவள் பார்த்ததில்லை. சுஹானா நனைந்த தரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தேநீர் குடித்தாள். கருவிகளைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை.

அதற்குப் பின் லோகேஸ்வரனே ஃபோனை எடுத்து வைத்துக்கொண்டான். வேலையில் இருக்கும்போது ஏணி உச்சியிலிருந்து ஃபோன் பேசுவது ஆபத்து என்பது அவன் கட்சி. தமிழ், மலாய், கொஞ்சம் ஹொக்கியென் சீனம் எல்லாம் லோரி ஓட்டிய காலத்துச் சொத்து. நோன்பு மாதத்துக்கு முன் ஒரு காலை ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் ரோஹானா.

"உண்மையிலேயே பொம்பளைங்கதான் வருவாங்களா?"

"என் பொண்டாட்டிதான் வருவா. கூட ஆயிஷா வருவாங்க. ஆம்பளை நான் ஒருத்தன்தான், நான் வீட்டை விட்டு வர்றதில்லை."

ரோஹானாவின் கணவர் கடலில் எண்ணெய் மேடையில் வேலை பார்ப்பவர். வீட்டுக்கு வருவது எப்போதாவதுதான். வீட்டில் கைக்குழந்தையும் படுத்த படுக்கையான மாமியாரும். படுக்கையறை ஏர்கோன் ஒழுகி ஆறு மாதம் ஆகியும், முன்பின் தெரியாத ஆண்களைப் படுக்கையறைக்குள் விட மனசில்லாமல் கீழே வாளி வைத்துச் சமாளித்திருக்கிறாள். இவர்கள் வேலை செய்யும்போது அவள் அதே அறையில் தலைத்துணி இல்லாமல் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்க ஆயிஷா கைகொடுத்தாள். வடிகுழாயை அடைத்துக்கொண்டிருந்தவை பல்லி முட்டைகள். எடுத்துவிட்டு, கழுவி, பூட்டி, ஓடவிட்டதும் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "சுகம்" என்றார்.

ரோஹானா பள்ளிவாசலில் பெண்கள் வகுப்புக்குப் போகிறவள். அந்த வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போட்டாள். மறுநாள் மதியத்துக்குள் லோகேஸ்வரனுக்குப் பதினேழு அழைப்புகள். சீனக் கடையில் கொடுத்த பெரிய எண் நாள்காட்டியில் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டே போனான். தனியாக இருக்கும் ஆசிரியைகள், வயசுப் பெண்கள் இருக்கும் வீடுகள், பிரசவித்த பெண்கள், கணவன் வேலைக்குப் போன பின் யாரையும் உள்ளே விடாத வீடுகள்! இத்தனை நாளும் இவர்களுக்காக யாரும் வராததால் இவர்கள் வியர்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பெண் என்பதாலேயே தன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தாள் சந்திரிகா. பெண் என்பதாலேயே கூப்பிட்டார்கள்.

பெருநாள் வரைக்கும் ஓய்வில்லை. பெருநாள் முடிந்ததும் ஃபோன் அடங்கியது. ஒரு வாரம், இரண்டு வாரம். எல்லா வீட்டு ஏர்கோனும் ஒரே சமயத்தில் சுத்தமாகிவிட்டால் அடுத்த ஆறு மாதம் யார் கூப்பிடுவார்கள்? அந்த வெறுமையில்தான் பாயான் லெப்பாஸில் வேறொரு தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. பழைய விண்ணப்பம் ஒன்றைத் தேடி எடுத்திருந்தார்கள். மாதச் சம்பளம், ஃபேக்டரி பஸ், மருத்துவச் செலவு.

"போயிட்டு வா. பாக்கிறதுல என்ன?" என்றான் லோகேஸ்வரன். சந்திரிகா ஆயிஷாவிடமும் மறைக்கவில்லை. அவள் "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள்.

நேர்காணல் செய்தவர் நடுவயதுக்காரர். கடந்த ஒரு வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சந்திரிகா சொல்ல ஆரம்பித்தாள். சான்றிதழ், பற்றவைப்பு, முடிச்சு, பல்லி முட்டை, ரோஹானாவின் மாமியார் என்று சொல்லிக்கொண்டே போனவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபோது கால்மணி நேரம் கடந்திருந்தது. இருபத்தொரு வருஷ ஃபேக்டரி வேலையைப் பற்றி யாராவது கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் தன்னிடம் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. அவர் வேலை தருவதாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க நம்பர் குடுங்களேன், என் மனைவி ரொம்ப நாளா ஆள் தேடுறாங்க" என்றார்.

அவள் நம்பரைக் கொடுத்தாள். வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, செய்தது புத்திசாலித்தனமா பைத்தியக்காரத்தனமா என்று தெரியாமல் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். அங்கிருந்தே ஆயிஷாவைக் கூப்பிட்டாள். "சனிக்கிழமை பாயான் லெப்பாஸ்ல ஒரு வீடு இருக்கு. காலையிலயே கிளம்பணும்." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

சும்மா இருக்கும் மாதங்களுக்கு வழி பார்க்க வேண்டும் என்று சுஹானாவும் லோகேஸ்வரனும் உட்கார்ந்து யோசித்தார்கள். வீடுகளை மட்டும் நம்பினால் இப்படித்தான். பெண்கள் கூட்டமாகத் தங்கும் இடங்கள் எவை? லோகேஸ்வரன் ஒரு வாரம் முழுக்க ஃபோன் அடித்தான். தாதியர் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதி பிடிகொடுத்தது. ஒவ்வொரு முறையும் ஆண் ஆட்கள் வரும்போது மாணவிகளை அறைகளைக் காலி செய்ய வைப்பது பெரும்பாடாக இருந்ததாம். நாற்பத்தாறு ஏர்கோன், ஒரு வாரத்தில் முடிக்க வேண்டும்.

இரண்டு பேரால் ஆகிற காரியமில்லை. அதிர்ஷ்டம், இவர்களைப் பார்த்துவிட்டு அடுத்த பயிற்சிக் குழுவில் ஏழு பெண்கள் பெயர் கொடுத்திருந்தார்கள்; அதில் மூன்று பேர் பாதிக்கு மேல் படித்துவிட்டிருந்தார்கள். ஸுல்கிஃப்லி சிகு மூவரையும் அழைத்துக்கொண்டு தானே வந்தார். வாசலில் காவலாளி அவரை நிறுத்தினார்.

"இது பெண்கள் விடுதி, என்சே. ஆண்களுக்கு அனுமதி இல்லை."

"நான் ஆசிரியர்!"

"ஆண்தானே?"

சந்திரிகா மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். சிரிப்பை அடக்க ஆயிஷாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க சிகு காவலாளியின் குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இவர்கள் கழற்றிக் கொண்டுவரும் விசிறி மோட்டார்களைச் சோதித்தார். ஃபோனில் வீடியோ போட்டுக் காட்டச் சொல்லி யோசனை சொன்னார். நான்காவது நாள் மூன்றாம் மாடியில் ஒரு வரிசை முழுதும் குளிரவில்லை. என்ன, ஏது என்று அவர் கேட்பதற்குள் சந்திரிகா சோப்பு நீர் தடவிக் கசிவைக் கண்டுபிடித்துவிட்டாள். ஐந்து இணைப்புகள், யாரோ முன்பு அவசரத்தில் செய்தவை. எல்லாவற்றையும் வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தாள். வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த சிகு, "இனி எனக்கு இங்கே வேலை இல்லை போலிருக்கு" என்றார். ஆனாலும் ஏழாவது நாள் வரை வந்தார். காவலாளியோடு நல்ல சிநேகமாகிவிட்டது.

நாற்பத்தாறும் முடிந்தன. வார்டன் அந்த வருஷத்துக்கு இன்னும் இரண்டு தடவைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சொன்ன வார்த்தைக்கு மேல் காகிதத்தில் வேலை கிடைத்தது அதுதான் முதல்.

இப்போது அவர்கள் ஐந்து பேர். கஞ்சிலை விற்றுவிட்டுப் பழைய வேன் ஒன்று எடுத்திருக்கிறார்கள். ஆயிஷா அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் தனி வீடு வாடகைக்குப் பிடித்தாள்; பிள்ளைகளுக்கு முதல் முறையாகத் தனி அறை. சந்திரிகாவும் லோகேஸ்வரனும் கீழ்த்தளத்து வீட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மழை மாதங்களில் வேலை குறையும். சந்திரிகாவின் தோள்பட்டை ஏணியில் கையைத் தூக்கித் தூக்கி வலிக்கிறது. திட்டத்தின் ஒரு வருஷம் முடிந்து சுஹானாவின் வருகையும் நின்றுவிட்டது. கடைசி நாள் படிவம் நிரப்பும்போது லோகேஸ்வரன் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி அடம்பிடித்தான். தொழில் என்ற இடத்தில் என்ன போடுவது என்று சுஹானா கேட்டாள். "ஆபீஸ்" என்றான். அப்படியே போட்டுக்கொண்டாள்.

போன மாதம் பாலிக் பூலாவில் ஒரு தோட்டக்காரர் வீட்டு வேலை வந்தது. வீட்டம்மா சம்பளத்தோடு ஒரு கூடை டுரியான் பழமும் தூக்கிக் கொடுத்தார். கூடை வேனுக்குள் ஏறுவதற்கு முன் ஆயிஷா குறுக்கே நின்றுவிட்டாள்.

"அக்கா, வேணாம். இதோட வாசனை துணியெல்லாம் ஒட்டிக்கும். அடுத்த வீட்டுல போய் இறங்கினா ஏர்கோனைத் தொறக்கிறதுக்கு முன்னயே நம்மளை வெளிய தள்ளிடுவாங்க."

"அதுக்காக விட்டுட்டா போறது? டுரியானைலா!"

மலைப்பாதையில் ஓர் ஓரமாக வேனை நிறுத்தி, ஐந்து பேரும் ஏணியைப் படுக்கப் போட்டு அதன்மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். கம்பி வெட்டும் கருவியாலேயே பழத்தைப் பிளந்தார்கள். கீழே தோட்டங்களுக்கு அப்பால் கடல் தெரிந்தது. பழம் கசப்பும் இனிப்புமாக, நல்ல ஜாதி. கொட்டைகளை எறிந்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் இல்லாமல், ஏர்கோன் கழுவும் பம்பை எடுத்துத் தங்கள் கைகளிலேயே பீய்ச்சிக்கொண்டார்கள். மூன்று மணிக்குக் கெலுகோரில் ஒரு வீடு இருந்தது. ஆயிஷா எல்லோர் கையையும் முகர்ந்து பார்த்து, இரண்டு பேரை மறுபடி கழுவ வைத்த பிறகுதான் வேனில் ஏறவிட்டாள்.